மலை மேல கடல் தொட்டி: வெளிச்சத்தை நம்பிப் பிழைக்காத பாலிப்புக்குத் தீனி போட்டு வளர்க்கறது எப்படி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் கடல் தொட்டி, அதாவது உப்புத் தண்ணில கடல் உயிர் வளர்க்கற கண்ணாடித் தொட்டி வைக்கறேன்னு யார் கிளம்பினாலும் முதல் கேள்வி "இந்தக் குளிர்ல முடியுங்களா?" தான். முடியும்ங்க. குளிருக்கு ரெண்டு ஹீட்டர் வாங்கினா கதை முடிஞ்சுது. ஆளைக் கவுக்கறது ஆக்சிஜன். இந்த உயரத்துல தண்ணில கரையற ஆக்சிஜன் கம்மி, கீழ சமவெளில இருக்கறவங்க எழுதற வழிகாட்டில இதைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது, அவங்களுக்கு அது பிரச்சினையே இல்ல.

சாதாரண ரீஃப் தொட்டில, அதாவது பவளத் தொட்டில இருக்கற பவளத்துல முக்காவாசி, தன் உடம்புக்குள்ள ஒரு பாசிய வச்சிருக்கும், லைட் போட்டா பாசி உணவு செஞ்சு குடுக்கும். இந்தக் கட்டுரைல பேசற கூட்டு பாலிப்புங்களுக்கு (கொத்தா ஒட்டி வாழற, குழாய் மாதிரி இருக்கற சின்னக் கடல் உயிருங்க) அந்த வசதி கிடையாது, இல்லன்னா அதை நம்பிப் பிழைக்காது. நாம ஊட்டணும். தீனி ஜாஸ்தி போட்டா கழிவு ஜாஸ்தி, கழிவைத் தின்ற பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கும், ஆக்சிஜன் ஏற்கனவே கம்மி. கீழ சொல்ற எல்லாத்தையும் இந்த ஒரு சங்கிலிய மனசுல வச்சுட்டுப் படிங்க.

1. எதை வாங்கணும், எதைத் தொடவே கூடாது

இதைப் படிக்காம காசை எடுக்காதீங்க. கடைல ஆரஞ்சுக் கலர்ல பூ மாதிரி விரிஞ்சிருக்கற சன் கோரலைப் பாத்ததும் எல்லாருக்கும் கை பரபரங்கும். அது டியூபாஸ்ட்ரியா, கல் பவள வகை. கல் பவளம் மொத்தமும் 2001-ல இருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, அதாவது புலி யானை இருக்கற அதே பட்டியல். 2022 திருத்தத்துக்கு அப்புறம் முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கடல் விசிறியும் அதே பட்டியல் தான். "இது வெளிநாட்டுல வளர்த்ததுங்க, நம்ம கடல்ல எடுத்தது இல்ல"ன்னு விக்கறவர் சொல்வார். கல் பவளம் சைட்டிஸ்ங்கற வனவிலங்கு வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்லயும் இருக்கு, அனுமதிப் பேப்பர் இல்லாம எல்லை தாண்டவே கூடாது. பேப்பரைக் கேளுங்க, பேச்சு அதோட நின்னுடும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருந்து "ஃபிரெஷ் பீஸ்"னு வாட்ஸ்அப்ல படம் வந்தா இன்னும் வேகமா ஓடுங்க, அங்க இருக்கற 21 தீவும் 1986-ல இருந்து கடல் தேசியப் பூங்கா.

அடுத்து கார்னேஷன் கோரல். கோத்தகிரி பாலிஹவுஸ்ல வளர்றது இல்ல, கடல்ல இருக்கற மென்பவளம். அழகுல இதை அடிச்சுக்க ஆளே கிடையாது, ஆனா கண்ணுக்குத் தெரியாத தீனி நாள் முழுக்க ஓடிட்டே இருக்கணும். புதுசா ஆரம்பிக்கறவங்க கைல அது சாகறதுக்குன்னே வர்ற உயிர், வேண்டாம்.

அப்ப எது? மஞ்சள் பாலிப். பாராசோவாந்தஸ் வகை, சோவாந்திட் குடும்பம், கல் எலும்புக்கூடு கிடையாது, சைட்டிஸ் பட்டியல்லயும் இல்ல. ஒரு பாறைத் துண்டு மேல பத்து இருபது சின்னச் சின்னக் குழாய், ஒவ்வொண்ணு தலைலயும் மெல்லிசான விரல்கள். இதுல ஒரு குழப்பம் உண்டு, மஞ்சள் பாலிப்னு ஒரே பேர்ல பல வகை விக்கறாங்க, லைட்லயே வளரும்னு சொல்ற கடைக்காரங்களும் இருக்காங்க. லைட்டை நம்பாதீங்க, தீனிய நம்புங்க. வாயில நேரா தீனி வாங்கற பாலிப்பு, அதனால பழகறதுக்கு இதை விட நல்லது இல்ல.

வாங்கும்போது கேக்க வேண்டியது: உயிரோட பேர் எழுதின ஜிஎஸ்டி பில், இறக்குமதி சரக்குன்னா அந்தப் பேப்பரோட நகல். "ஃபிஷ் ஐட்டம்"னு மட்டும் போட்ட பில் எதுக்கும் உதவாது. ரெண்டையும் போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்கோங்க. கூடவே ஒண்ணு, சைட்டிஸ் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு உயிர் ஏதாவது வீட்ல இருந்தா 2024 விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும், பிறப்பு, இறப்பு, கை மாத்தறது எல்லாம் சொல்லணும். மஞ்சள் பாலிப்புக்கு இது வராது.

2. காசு, கரண்ட்

200 லிட்டர் தொட்டிக்குச் சொல்றேன். அதுக்குக் கீழ போகாதீங்க, தீனி ஜாஸ்தி போடற தொட்டில தண்ணி கம்மின்னா ஒரு நாள்லயே கெட்டுடும். விலையெல்லாம் தோராயம் தான், கடைக்குக் கடை மாறும். ஹீட்டர் ஒண்ணு ஆயிரம் சொச்சம், ரெண்டு வேணும். நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர் (காத்துக் குமிழி விட்டுக் கழிவை நுரையா பிரிச்செடுக்கற கருவி) எட்டாயிரத்துல இருந்து பதினைஞ்சாயிரம், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. உப்பளவு பாக்கற ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட், தண்ணில கரைஞ்சதையெல்லாம் எடுக்கற ஆர்ஓ டிஐ ஃபில்டர், உப்பு, பாறை, சம்ப்ங்கற துணைத் தொட்டி எல்லாம் சேர்த்துப் பாத்தா அம்பது அறுபதாயிரம் தாண்டிடும். பாலிப்பு இதுல ரொம்பச் சின்னச் செலவு.

லைட்டுக்குச் செலவே இல்லைங்கறது நமக்கு லாபம். பாக்கறதுக்கு ஒரு சின்ன எல்இடி போதும். லைட் தேவையில்லாததால தொட்டியோட பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, அடி எல்லாத்துலயும் ஒரு இஞ்சு தெர்மாகோல் ஒட்டிடுங்க, முன்பக்கம் மட்டும் கண்ணாடி தெரிஞ்சா போதும். லைட் நம்பற பவளம் வளர்க்கறவங்க இதைச் செய்ய யோசிப்பாங்க, நமக்கு யோசனையே வேண்டாம்.

ஹீட்டர் கணக்கு: ஜனவரில ராத்திரி ரூம்ல 12 டிகிரி இருக்கும், தண்ணி 24 வேணும். லிட்டருக்கு ஒரு வாட்ங்கற சமவெளிக் கணக்கு இங்க எடுபடாது, ஒண்ணரை ரெண்டு வாட் வேணும். ஒரே 300 வாட்டுக்குப் பதிலா ரெண்டு 150 போடுங்க, ஒண்ணு ஆன்லயே மாட்டிக்கிட்டாலும் தொட்டி வேகாது, ஒண்ணு செத்தாலும் உறையாது. ரெண்டும் நாள்ல பாதி நேரம் ஓடினா 3.6 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 216 யூனிட். வீட்ல ஏற்கனவே கீசர் ஓடுது. 500 யூனிட் தாண்டிட்டா ஸ்லாபே மாறி பில் எகிறும், அதனால தெர்மாகோல் ஒட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

3. ஆக்சிஜனுக்காகத் தொட்டிய அமைக்கறது

நம்பரைப் பாத்துடுங்க. 25 டிகிரில, 35 உப்பளவுல, கடல் மட்டத்துல ஒரு லிட்டர் தண்ணி 6.7 மில்லிகிராம் கிட்ட ஆக்சிஜன் பிடிக்கும். 1,850 மீட்டர்ல இருக்கற குன்னூர்ல அது 5.4 கிட்ட. 2,240 மீட்டர் ஊட்டில 5.1 கிட்ட. இது தண்ணி முழுசா நிறைஞ்சிருக்கும்போது இருக்கற அளவு, எவ்வளவு பம்ப் போட்டாலும் இதுக்கு மேல ஏறாது. ராத்திரில மீன், பாலிப், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து இதுல இருந்து தான் எடுக்கணும். சென்னைல ஒருத்தர் சொல்ற தீனி அளவை அப்படியே இங்க போட்டா காலைல மீன் மேல வந்து வாயைத் திறந்துட்டு நிக்கும்.

என்ன செய்யலாம்:

மேல்தண்ணி எப்பவும் கலங்கிட்டே இருக்கணும். ஒரு வேவ்மேக்கரை (தொட்டிக்குள்ள அலை கிளப்பற சின்ன பம்ப்) மேல்மட்டம் பாத்துத் திருப்பி வைங்க, கண்ணாடி மாதிரி தெரிஞ்சா தப்பு, நெளியணும். ஸ்கிம்மர் 200 லிட்டர் தொட்டிக்கு 400 லிட்டர் போட்டதை வாங்குங்க, அது கழிவையும் எடுக்கும், காத்தையும் கலக்கும். வெப்பம் 25-26க்குப் பதிலா 23-24ல வைங்க, கொஞ்சம் ஆக்சிஜன் கூடும், உயிர்களோட பசியும் கொஞ்சம் அடங்கும், கரண்டும் மிச்சம். மீன் கம்மியா வைங்க, ரெண்டு மூணு சின்ன மீன் போதும்.

குளிர்காலத்துல நாம ஜன்னலையெல்லாம் அடைச்சு, சில வீட்ல உள்ள கரி அடுப்பும் போட்டு உக்காந்துடறோம். கரி அடுப்பு மூடின ரூம்ல மனுஷனுக்கே ஆபத்து, அதைத் தனியா சொல்ல வேண்டியதில்ல. தொட்டிக்கு என்ன ஆகும்னா ரூம் காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறி தண்ணியோட பிஎச் 7.8க்குக் கீழ இறங்கும். உடனே பிஎச் ஏத்தற மருந்து ஊத்தாதீங்க. ஸ்கிம்மர் காத்து இழுக்கற குழாய்ல ஒரு நீளக் குழாய் மாட்டி ஜன்னல் வழியா வெளிய விட்டுடுங்க, முனைல பூச்சி நுழையாம ஒரு துணி கட்டுங்க. மஞ்சு மூட்டம் இருக்கற நாள்ல குழாய்ல தண்ணி தேங்கும், அப்பப்ப உதறணும்.

4. தண்ணி

ஊத்துத் தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் ஆர்ஓ டிஐ இல்லாம உப்புக் கலக்காதீங்க, குழாய் எந்த வழியா வருதுன்னு நமக்குத் தெரியாது, செம்பு ஒரு துளி இருந்தாலும் பாலிப்புக்கு எமன். குளிர்ந்த தண்ணில ஆர்ஓவோட மெம்ப்ரேன் (வடிகட்டற சவ்வு) மெதுவா விடும், 25 டிகிரில வர்ற அளவுல மூணுல ரெண்டு பங்கு தான் ஜனவரி காலைல வரும். மேல்தொட்டில இருந்து இறங்கற தண்ணிக்குப் பிரஷர் பத்தாது, பூஸ்டர் பம்ப் சேர்த்தே வாங்குங்க.

உப்பு ஒரு கிலோவுக்கு 27-28 லிட்டர் வரும், 1.025 அடர்த்தி. ஜூன் ஜூலைல பாக்கெட்டைத் திறந்து வச்சீங்கன்னா ரெண்டே வாரத்துல கருங்கல்லு. ரப்பர் வளையம் போட்ட டப்பால அடைங்க. உப்புத் தண்ணிய முந்தின நாளே கலந்து, அதுலயும் ஒரு சின்ன ஹீட்டர் போட்டுச் சூடாக்கின பிறகு தான் மாத்தணும்.

5. காத்திருக்கற காலம்

பாறை, மணல் போட்டு, கழிவுல இருந்து வர்ற அமோனியா, நைட்ரைட்ங்கற விஷம் ரெண்டும் சைபர் ஆகறதுக்கு நாலுல இருந்து ஆறு வாரம். ஹீட்டரை முதல் நாளே போடுங்க, உயிர் இல்லையேன்னு கரண்ட் மிச்சம் பிடிச்சா பாக்டீரியா வளராது, ஆறு வாரம் பத்து வாரம் ஆகும். அதுக்கப்புறமும் உடனே பாலிப் வாங்காதீங்க. ஒரு மாசம் மீன் மட்டும் வச்சு, பாலிப் இருக்கறதா நினைச்சுக்கிட்டு அதுக்குப் போடற தீனில பாதிய தினமும் போட்டுப் பாருங்க. நைட்ரேட் 20க்குள்ளயும் பாஸ்பேட் 0.1 கிட்டயும் நிக்குதா? காலைல லைட் போடறதுக்கு முன்னாடி மீன் மூச்சு சாதாரணமா இருக்கா? ரெண்டுக்கும் ஆமான்னா வாங்கலாம்.

6. மலைக்குக் கொண்டு வர்றது

எப்போங்கறது எதைங்கறதை விட முக்கியம். டிசம்பர், ஜனவரி பனி. ஏப்ரல், மே சீசன், மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறவே பாதி நாள் போயிடும். அக்டோபர், நவம்பர்ல குன்னூர் ரோட்ல எங்கயாவது மண் சரியும். ஜூன்ல இருந்து காத்தும் மழையும், மரம் விழுந்து கரண்ட் போற காலம். மிச்சம் இருக்கறது பிப்ரவரி, மார்ச். அந்த ரெண்டு மாசத்துல முடிச்சுடுங்க.

சென்னைல கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்களுக்குப் போய் நேர்ல பாத்து வாங்கறது நல்லது, பாலிப் விரிஞ்சிருக்கான்னு கண்ணால பாக்கலாம், கடைக்காரரை ஒரு துளி தீனி போடச் சொல்லிப் பிடிக்குதான்னு பாத்துட்டுக் காசு குடுங்க. ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா விடிகாலைல மேட்டுப்பாளையம். அங்கிருந்து கவர்மென்ட் பஸ்ல வந்தா இ-பாஸ் தேவையில்ல. வெளியூர் நம்பர் வண்டில வந்தா 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் கட்டாயம், இலவசம் தான், ஆனா சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு வரம்பு வரும், முன்னாடியே எடுத்துடுங்க.

பேக்கிங்ல ஒரு விஷயம் கடைக்காரருக்குத் தெரியாது, நீங்க தான் சொல்லணும். கீழ காத்தடைச்ச பை மேல வரும்போது நாலுல ஒரு பங்குக்கு மேல உப்பும், ஊட்டிக் கடைல தொங்கற சிப்ஸ் பாக்கெட் பாத்திருப்பீங்களே அப்படி. டைட்டா கட்டின பை ரப்பர் பேண்ட் பக்கம் கசிய ஆரம்பிக்கும், பர்லியார் தாண்டறதுக்குள்ள பெட்டிக்கு அடில தண்ணி. அதனால பைய முக்கால் அளவுக்கு மட்டும் காத்தடைச்சு, தளர்வா, ரெண்டு பை போட்டுக் கட்டச் சொல்லுங்க. காத்துக்குப் பதிலா ஆக்சிஜன் அடைக்கச் சொல்லுங்க. பாலிப் இருக்கற பாறை பையைக் கிழிக்காம இருக்க அதை ஒரு தெர்மாகோல் துண்டுல கட்டித் தலைகீழா மிதக்க விடலாம். வெளிய தெர்மாகோல் பெட்டி, உள்ள சூட்டுக்கு வெந்நீர் பாட்டில் ஒண்ணு துணில சுத்தி. செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாப்பாங்க, பெட்டியைத் திறக்கச் சொன்னா திறந்து காட்டுங்க, பில்லை மேலயே வச்சிருங்க, உயிருள்ள சரக்குன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

7. வீட்டுக்கு வந்ததும்

கைக்குக் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுட்டு தான் பையத் தொடணும். இதுல விளையாட்டு வேண்டாம். சோவாந்திட் குடும்பத்துல சில வகைல பாலிடாக்ஸின்னு ஒரு கடும் விஷம் இருக்கு, எதுல இருக்கு எதுல இல்லன்னு பாத்துச் சொல்ல முடியாது. வெட்டுக்காயத்தோட தொடாதீங்க, பாலிப்ப நசுக்காதீங்க, பாறையச் சுத்தம் பண்றேன்னு கொதிதண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, அந்த ஆவி மூச்சுல போனா ஆஸ்பத்திரி தான். வாயில ஒரு மாதிரி கசப்பு, நெஞ்சு இறுக்கம், காய்ச்சல், உடம்பு முறுக்கற வலின்னா வேடிக்கை பாக்காம டாக்டர்கிட்ட போங்க, பாலிடாக்ஸின்னு பேர் சொல்லிக் காட்டுங்க. தொட்டிக்குன்னு வச்ச சிரிஞ்ச், கிண்ணம், கத்தி எதுவும் சமையக்கட்டுக்கு வரக்கூடாது.

பை 15 டிகிரிக்கு இறங்கியிருக்கும். மூடின பையவே தொட்டில 30 நிமிஷம் மிதக்க விட்டு, அப்புறம் திறந்து சொட்டுக் குழாய் வழியா முக்கால் மணி நேரம். பைல நீண்ட நேரம் இருந்த சரக்குக்குச் சொட்டறதை இழுக்காதீங்க, திறந்த பைல அமோனியா விஷமா மாறும். பைத் தண்ணிய தொட்டில ஊத்தாதீங்க. அயோடின் டிப்ல (கிருமி போக முக்கி எடுக்கற கரைசல்) பாட்டில்ல சொல்லியிருக்கற நேரம் முக்கிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்துல பாறைய மெதுவா ஆட்டுங்க. பாலிப் கலர்லயே ஒட்டியிருக்கற நூடிபிராங்க்ங்கற ஓடில்லாத கடல் நத்தை, சின்ன சுருள் சிப்பி, அப்புறம் களை மாதிரி பரவற ஐப்டேசியா அனிமோன், இதெல்லாம் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஐப்டேசியா ஒண்ணு உள்ள போச்சுன்னா நாம பாலிப்புக்குப் போடற தீனில அது தான் முதல்ல குண்டாகும்.

வைக்கற இடம்: நிழல், மிதமான ஓட்டம், நேரா அடிக்காத இடம், தனிப் பாறை. நாலஞ்சு நாள் மூடியே இருந்தாலும் பதறாதீங்க. பழுப்பா வழுவழுன்னு சளி மாதிரி வந்தா மட்டும் உடனே அந்தத் துண்டை எடுத்துடுங்க, பக்கத்துல பரவும்.

8. தீனி

உருப்படியான தீனி மூணு தான். ஒண்ணு ஃப்ரோசன் சைக்ளோப்ஸ், அதாவது உறைய வச்ச பொடி நீர்ப்பூச்சி, சைஸ் சரியா இருக்கும், விலை கொஞ்சம் அதிகம், மலைக்கு வர்றதுக்குள்ள உருகி உருகி உறைஞ்சதா இருந்தா வேண்டாம். ரெண்டு, இறால். மார்க்கெட்ல வர்றதுல சில சரக்குல கருக்காம இருக்க மருந்து போட்டிருப்பாங்க, தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட மருந்து போடாததைக் கேட்டு வாங்குங்க. ஓட்டை உரிச்சு, ஆர்ஓ தண்ணில ரெண்டு தடவை அலசி, கத்தில மாவு மாதிரி கொத்தி, ஜிப் கவர்ல அப்பளம் போல தட்டி ஃப்ரீசர்ல வைங்க, தேவைக்கு உடைச்சுக்கலாம். மூணாவது, அப்ப பொரிச்ச ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணில வாழற பொடி இறால் மாதிரி உயிர்) குஞ்சு. இது தான் ராஜ தீனி.

ஆர்ட்டீமியா பொரிக்க 26-28 டிகிரி வேணும், நம்ம ஊர் சமையக்கட்டு மேடைல வச்சா ரெண்டு நாள் ஆனாலும் முட்டை முட்டையாவே கிடக்கும். அதுக்குன்னு தனி ஹீட்டர் வேண்டாம், ஒரு லிட்டர் ஜாடிய சம்புக்குள்ள பாதி முங்கற மாதிரி வைங்க. சம்ப் 24 தான், அதனால 24 மணி நேரத்துக்குப் பதிலா 30, 36 ஆகும், பரவாயில்ல. லிட்டருக்கு 25 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, காத்துக் குழாய அடில விட்டு நல்லா கொதிக்கற மாதிரி ஓட விடுங்க, மேல ஒரு சின்ன லைட். பொரிஞ்சதும் காத்தை நிறுத்திட்டு, ஜாடி அடில டார்ச் வைங்க. ஆரஞ்சுப் புகை மாதிரி கீழ கூடும், காலி ஓடு மேல மிதக்கும். மெல்லிய குழாய்ல கீழ இருந்து இழுத்து, பழைய பருத்தி வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிகட்டி அலசிடுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல காத்து இல்லாம விட்டீங்கன்னா குஞ்சு மூச்சு முட்டிச் செத்துடும். பொரிஞ்ச ஏழெட்டு மணி நேரத்துக்குள்ள போடறது தான் சத்து, அதுக்கப்புறம் குஞ்சு தன் உடம்புல இருக்கற மஞ்சக்கருவைத் தானே கரைச்சுத் தீத்துடும்.

ஊட்டற முறை: தினமும் ஒரே நேரம், சாயந்திரம் நல்லது. முதல்ல மீனுக்குப் போட்டு வயித்தை நிரப்புங்க, இல்லன்னா பாலிப் வாயில இருந்து பிடுங்கித் தின்னும். ஸ்கிம்மரையும் மெயின் பம்ப்பையும் நிறுத்துங்க, வேவ்மேக்கரைக் குறைச்சு மட்டும் வைங்க. இறால் அலசின சாறு ரெண்டு மூணு சொட்டு பாலிப் மேல விடுங்க, பத்து பதினைஞ்சு நிமிஷத்துல மூடியிருக்கறதெல்லாம் விரியும். மருந்துக்கடை 10 மில்லி சிரிஞ்ச் நுனில ஒரு சாண் காத்துக் குழாய் மாட்டி, ஒரு இஞ்சு தள்ளி இருந்து மெதுவா, தூறல் போடற மாதிரி விடணும். பீச்சி அடிச்சா எல்லாம் சுருங்கிடும், அன்னைக்கு அவ்வளவு தான். விரல் ஒண்ணொண்ணா வளைஞ்சு நடுவுல இருக்கற வாய்க்குக் கொண்டு போறதை அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, எந்தப் பாலிப் வாங்கலையோ அதுக்கு மட்டும் இன்னொரு துளி. கிளீனர் இறால் மாதிரி திருடன் வச்சிருந்தா அடி வெட்டின ஒரு பிளாஸ்டிக் ஜாடிய கொத்து மேல கவுத்துட்டு, மூடில ஓட்டை போட்டு அது வழியா ஊட்டுங்க.

அரை மணி நேரம் கழிச்சுப் பம்ப்பை ஆன் பண்ணுங்க. போன்ல அலாரம் வச்சுட்டு தான் ஆஃப் பண்ணணும், இது கட்டளையாவே வச்சுக்கோங்க, கடல் மட்டத்துல மறந்தா தப்பிக்கலாம், இங்க ஒரு ராத்திரி மறந்தா தொட்டி காலி. மிச்சம் கீழ விழுந்ததை அதே சிரிஞ்ச்ல உறிஞ்சு எடுத்துடுங்க.

எத்தனை நாள்? வாரத்துக்கு நாலு நாள் குறைஞ்சபட்சம், தினமும் கொஞ்சம்னா இன்னும் நல்லது. ஒரே நாள்ல நிறைய போட்டு ரெண்டு நாள் லீவு விடறது இந்த உயரத்துக்கு ஒத்துவராது. பட்டினி கிடக்கற பாலிப் உடனே சாகாது, மாசக்கணக்குல குட்டையாகி, ஒண்ணொண்ணா மறையும், அதனால தான் நிறைய பேர் "நல்லா தானே இருந்துச்சு"ன்னு சொல்றாங்க. பாறைல புதுசா மொட்டு மாதிரி முளைச்சா உங்க தீனி சரி.

9. கழிவு

வாரம் 15 சதவீதம் தண்ணி மாத்தறது. ஸ்கிம்மர் கப்பை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவறது, அதுல அழுக்குப் படிஞ்சா நுரை ஏறாது. இதைத் தவிர குறுக்கு வழி தேடாதீங்க. நைட்ரேட் இறக்க வோட்கா, வினிகர் சொட்டு விடறது ஒரு முறை, கீழ பல பேர் நல்லாவே செய்றாங்க. அது பாக்டீரியாவை வளர்த்து வேலை வாங்கற முறை, அளவு தப்பினா ஒரே ராத்திரில தண்ணி பால் மாதிரி ஆகி ஆக்சிஜன் மொத்தமும் போயிடும், நமக்கு இருக்கற 5.4ல அந்தச் சோதனை வேண்டாம். டாஸ்மாக் காசு மிச்சம்.

மாத்தின உப்புத் தண்ணிய செடிக்கோ தேயிலைக்கோ ஊத்தாதீங்க, ஓடைப் பக்கமே கொண்டு போகாதீங்க. கக்கூஸ்ல ஊத்துங்க. செத்த பாலிப், பாறைத் துண்டு எதுவும் வெளிய போட வேண்டாம், கையுறை போட்டுக் கவர்ல கட்டிக் குப்பைக்கு.

10. கரண்ட் போனா, ஊருக்குப் போனா

மழைக்காலத்துல ஒரு மரம் விழுந்தா அஞ்சாறு மணி நேரம் சாதாரணம். இன்வெர்ட்டர்ல ஹீட்டரைப் போடாதீங்க, 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சில மணி நேரத்துலயே படுத்துடும். வேவ்மேக்கர், ஏர் பம்ப் மட்டும் போடுங்க, ரெண்டும் சேர்ந்து 15 வாட்னா ஒரு நாளுக்கு மேலயே ஓடும். குளிர் மெதுவா தான் ஏறும், 200 லிட்டர் தண்ணில சூடு நிறைய இருக்கு, முன்கண்ணாடி மேல ஒரு கம்பளியப் போத்தினா அஞ்சாறு மணி நேரத்துல ரெண்டு மூணு டிகிரி இறங்கும், பாலிப் தாங்கும். ஆனா மேல்பக்கத்தை மூடாதீங்க, காத்து வேணும். கரண்ட் வந்தாலும் அன்னைக்குத் தீனி கிடையாது. வானம் கறுத்துட்டு வர்ற சாயந்திரம், கரண்ட் இருக்கும்போதே கூட, தீனியத் தள்ளிப் போடுங்க.

ஊருக்குப் போறீங்கன்னா மூணு நாள் வரைக்கும் யாரையும் கூப்பிடாதீங்க, பட்டினி ஒண்ணும் பண்ணாது. அதுக்கு மேலன்னா கொத்தின இறாலை ஐஸ் ட்ரேல ஒரு நாளைக்கு ஒரு கட்டின்னு உறைய வச்சு, போற நாளுக்குப் பாதி எண்ணிக்கை மட்டும் ஃப்ரீசர்ல விட்டுட்டு மிச்சத்தை எடுத்து ஒளிச்சு வைங்க. பாத்துக்க வர்றவங்க பாசத்துல "பாவம் பசிக்கும்"னு ரெண்டு கட்டி போடுவாங்க, அதுவும் நம்ம ஊர்ப் பாட்டிங்க கிட்ட சாவிய குடுத்துட்டுப் போனா சொல்லவே வேண்டாம். ஸ்கிம்மர் சுவிட்ச் மேல "இதை அணைக்காதீங்க"ன்னு பெரிய எழுத்துல ஒட்டிட்டுப் போங்க.